வீட்டுக் கோழியின் நோயும் காப்பும்

கோழி நம் வீட்டு முற்றத்துக்குப் புதிதாக வந்த உயிர் அன்று. சோழர்களின் பழைய தலைநகராகிய உறையூருக்குக் 'கோழி' என்றே மற்றொரு பெயர் வழங்கிற்று. முருகப்பெருமானின் கொடியில் சேவல் விளங்குகின்றது. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைக் கூறும் பட்டினப்பாலையில், முற்றத்தில் உலரும் தானியத்தைக் கவர வந்த கோழியைத் தன் காதணியால் எறிந்து ஓட்டும் பெண்ணைக் காண்கின்றோம். பண்டைத் தமிழர் வாழ்வில் கோழி எவ்வளவு நெருங்கிப் பழகிய உயிர் என்பது இவற்றால் விளங்கும்.

இன்றும் சிற்றூர்களில் பல வீடுகளில் ஐந்தோ பத்தோ கோழிகள் வளர்கின்றன. மாடு வாங்கப் பெருந்தொகை வேண்டும். ஆடு வளர்க்க மேய்ச்சல் நிலம் வேண்டும். கோழிக்கு இவை வேண்டுவதில்லை. களத்தில் சிந்திய தானியத்தையும், குப்பைமேட்டுப் புழுபூச்சிகளையும், கரையானையும் அது தானே தேடித் தின்று வளரும். அதன் முட்டை குழந்தைகளுக்குச் சிறந்த உணவாகும். பள்ளி திறக்கும் நாளில் குறிப்பேடு வாங்குவதற்கும், எதிர்பாராத மருத்துவச் செலவுக்கும் அக்கோழிகளே கைகொடுக்கும். அவற்றைப் பேணுபவர் பெரும்பாலும் பெண்களே. அவர்களுடைய சிறுவாடு அஞ்சறைப் பெட்டியிலும் இருக்கும், முற்றத்திலும் நடமாடும்.

முற்றத்தில் நடமாடும் இச்செல்வம் விரைவில் அழியக்கூடியது. இருபது கோழிகள் இரை பொறுக்கிய இடம் பத்து நாளில் வெறிச்சோடிக் கிடப்பதைச் சிற்றூர் மக்கள் பன்முறை கண்டுள்ளனர். 'கோழிச் சீக்கு வந்துவிட்டது' என்று கூறி, அதனை ஊழ்வினை என எண்ணி அமைவாரும் உளர். உண்மையில் இவ்விழப்பின் பெரும்பகுதியைத் தடுத்தல் இயலும். நோய் இன்னதென்று அறிந்து, அது தோன்றிய காரணத்தை ஆராய்ந்து, பின்னர்த் தீர்க்கும் வழியை நாடவேண்டும் என்று திருவள்ளுவர் மருத்துவர்க்கு நெறி வகுத்தார். அந்நெறி மனிதர்க்கு மட்டும் உரியதன்று. முற்றத்துக் கோழிக்கும் பொருந்தும்.

முதலில் நோயை அறியும் வழியைக் காண்போம். நோயுற்ற கோழி தன் நோயை இயன்றவரை மறைக்கும். நம் வீட்டுக் கோழியின் மூதாதையர் காட்டுக்கோழிகள். காட்டில் தளர்ந்து நிற்கும் பறவையே பகை விலங்கின் கண்ணில் முதலில் படும். ஆதலால் தளர்ச்சியை வெளியே காட்டாத இயல்பு கோழிக்கு இன்றும் உண்டு. நம் கண்ணுக்கு நோய் நன்கு புலப்படும்போது அது பெரும்பாலும் முற்றியிருக்கும். இதனை உணர்ந்தவர் ஒவ்வொரு நாளும் கோழியைக் கூர்ந்து நோக்குவர்.

அவ்வாறு நோக்குதற்கு ஏற்ற நேரம் விடியற்காலை. கூட்டைத் திறந்தவுடன், அல்லது பஞ்சாரத்தைத் தூக்கியவுடன், நலமுள்ள கோழி துள்ளி வெளியே ஓடும். அதன் கொண்டை சிவந்திருக்கும்; கண் ஒளியுடன் இருக்கும்; இறகு உடலோடு படிந்திருக்கும். நோயுற்ற கோழி எல்லாவற்றிற்கும் பின்னால் வரும். அல்லது மூலையிலேயே நிற்கும். இறகு சிலிர்த்து, இறக்கை தொங்கி, கண் மூடிய நிலையில் அது காணப்படும். இத்தகைய கோழியைக் கையில் எடுத்து அதன் நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்கவேண்டும். இருபுறமும் சதை வற்றி, எலும்பு கத்தியின் விளிம்புபோல் கையில் தட்டுப்பட்டால், நோய் பல நாளாக உள்ளே இருந்தது என்று அறியலாம்.

அடுத்து, கூட்டின் தரையைப் பார்க்கவேண்டும். கோழியின் எச்சம் அதன் உடல்நிலையைக் கூறும் ஏடு எனலாம். கோழி சிறுநீரைத் தனியே கழிப்பதில்லை. எச்சத்தின்மேல் வெண்மையாகக் காணப்படும் பகுதியே அது. ஆதலால் எச்சத்தின்மேல் சிறிது வெண்மை இருப்பது இயல்பே. இடையிடையே பழுப்பு நிறத்தில் களிபோன்ற எச்சம் காணப்படுவதும் நோயன்று. ஆனால் எச்சம் நீர்போல் ஓடினாலும், பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தாலும், அதில் குருதி கலந்திருந்தாலும், அரிசிபோன்ற வெண்துண்டுகள் நெளிந்தாலும் உடனே கருத்தூன்ற வேண்டும். அவை வெவ்வேறு நோய்களின் அடையாளங்கள்.

இனி, கோழியின் உள்ளேயிருந்து மெல்ல மெல்ல வலிமையை உறிஞ்சும் குடற்புழுக்களைப் பற்றி அறிவோம். இவற்றுள் மிகவும் பரவலாகக் காணப்படுவது உருண்டைப்புழு. இது வெண்மஞ்சள் நிறமுடையது. பெண்புழு 7 முதல் 12 சென்டிமீட்டர் வரை நீளும். இது கோழியின் சிறுகுடலில் வாழ்ந்து, கோழி தின்ற உணவின் சத்தைத் தான் உண்ணும். சில புழுக்கள் இருப்பின் வளர்ந்த கோழி தாங்கிக்கொள்ளும். பல சேர்ந்தால் கோழி இளைக்கும், கொண்டை வெளுக்கும், முட்டை குறையும். இளங்குஞ்சுகளில் அவை குடலையே அடைத்து உயிரைப் போக்குவதும் உண்டு.

இப்புழு கோழியின் வயிற்றுக்குள் எவ்வாறு புகுகின்றது? குடலில் உள்ள பெண்புழு நாள்தோறும் முட்டையிடுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத அம்முட்டைகள் எச்சத்தோடு மண்ணில் விழுகின்றன. அப்பொழுதே மற்றொரு கோழி அவற்றைக் கொத்தினாலும் தீங்கு நேராது. ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் ஏறத்தாழ இரண்டு வாரம் கிடந்த பின்னரே, முட்டைக்குள் இளம்புழு உருவாகித் தொற்றும் ஆற்றல் பெறும். அதன்பின் இரையோடு அதனை உண்ணும் கோழியின் குடலில் புழு வெளிப்பட்டு, சில காலம் குடற்சுவருள் புகுந்திருந்து, மீண்டும் குடலுக்கு வந்து பெரிதாகும். ஒன்றிரண்டு திங்களில் அதுவும் முட்டையிடத் தொடங்கும். மண்ணில் உள்ள முட்டையோ நிழலும் ஈரமும் இருப்பின் பல மாதங்கள் கெடாமல் கிடக்கும்.

இவ்வரலாற்றை அறிந்தவுடன், செய்யவேண்டுவது யாது என்பதும் தெளிவாகும். விழுந்த முட்டை தொற்றும் ஆற்றல் பெற இரண்டு வாரம் ஆகின்றது. அதற்கு முன்னரே கூட்டின் எச்சத்தை அகற்றிவிட்டால் புழுவின் வழி அறுந்துபோகும். ஆதலால் வாரம் ஒருமுறையேனும் கூட்டை வழித்துச் சுத்தம் செய்யவேண்டும். எச்சத்தைக் குழியில் இட்டு மட்கச் செய்தால் சிறந்த எருவாகும். வெயிலும் உலர்ச்சியும் புழு முட்டைகளுக்குப் பகை. கூடு வெயில்படும் மேட்டில் இருப்பதும், அதன் தரை உலர்ந்திருப்பதும் விலையில்லாத மருந்துகள் ஆகும்.

மற்றொரு வகை நாடாப்புழு. இது துண்டு துண்டாக இணைந்த உடலை உடையது. கடைசித் துண்டுகள் முட்டைகளைத் தாங்கி எச்சத்தோடு வெளிவரும். மேலே கூறிய அரிசிபோன்ற துண்டுகள் இவையே. இதன் முட்டையை நேரே உண்பதால் கோழிக்குப் புழு உண்டாவதில்லை. எறும்பு, வண்டு, ஈ ஆகிய சிற்றுயிர்கள் அம்முட்டையை உண்ணுகின்றன. அவற்றைக் கோழி உண்ணுகின்றது. இவ்வாறு இடையில் ஓர் உயிரைத் தூதாகக் கொண்டு புழு உள்ளே புகுகின்றது. கூட்டைச் சுற்றி ஈயும் வண்டும் பெருகாமல் பார்ப்பதே இதற்குரிய காப்பு.

புழு நீக்கும் மருந்துகள் பல உள்ளன. உருண்டைப்புழுவை நீக்கப் பைப்பரசின் என்னும் மருந்து நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றது. ஆனால் அது நாடாப்புழுவைத் தீண்டாது. அல்பெண்டசோல் போன்ற மருந்துகள் பலவகைப் புழுக்களை அழிக்க வல்லவை. நாடாப்புழுவுக்கென்றே நிக்லோசமைடு, பிராசிகுவாண்டல் போன்ற மருந்துகள் உள்ளன. எந்தப் புழு என்று அறியாமல் ஏதோ ஒரு மருந்தைக் கொடுப்பது, எந்தப் பூட்டு என்று பாராமல் கைக்கு வந்த சாவியைத் திணிப்பது போலாகும். கோழியின் புதிய எச்சத்தைச் சிறிது பொட்டலமாகக் கட்டிக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் சென்றால், மருத்துவர் நுண்ணோக்கியால் ஆராய்ந்து புழுவின் வகையைக் கூறுவர்.

மருந்தின் அளவு கோழியின் எடையைப் பொறுத்தது. ஒரு கிலோகிராம் எடைக்கு இவ்வளவு என்று மருத்துவர் குறித்தால், ஒன்றரைக் கிலோகிராம் எடையுள்ள கோழிக்கு அதனினும் ஒன்றரை மடங்கு வேண்டும். அரைக் கிலோகிராம் எடையுள்ள குஞ்சுக்குப் பாதி போதும். அளவு மிகுந்தால் நஞ்சாகும். குறைந்தாலும் தீங்கே, வலிய புழுக்கள் பிழைத்து, அம்மருந்துக்கு அஞ்சாத வழித்தோன்றல்களைப் பெருக்கும். தண்ணீரில் கலந்து தரும் மருந்தாயின், காலையில் கோழிகளை வெளியே விடுமுன்னர் முதல் தண்ணீராக வைக்கவேண்டும். திரிய விட்டபின் வைத்தால் அவை வாய்க்கால் நீரைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும். மருந்து கலத்திலேயே நிற்கும். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் வரை அக்கோழியின் முட்டையையும் இறைச்சியையும் உண்ணலாகாது என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

ஒருமுறை மருந்து கொடுத்ததோடு கடமை முடிவதில்லை. மருந்து குடலில் உள்ள புழுவைக் கொல்லும். மண்ணில் உள்ள முட்டையைக் கொல்லாது. திறந்த வெளியில் மேயும் கோழிகள் மீண்டும் முட்டையை உண்ணும். ஆகவே மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் மருந்தைத் திரும்பக் கொடுக்கவும் வேண்டும். கூட்டைத் தூய்மையாக வைக்கவும் வேண்டும். தூய்மையை விட்டு மருந்தை மட்டும் நம்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும். மேலும், வளர்ந்த கோழிகள் தமக்குத் துன்பம் தோன்றாமலே புழுக்களைத் தாங்கித் திரியும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளோ அவற்றால் பெரிதும் வருந்தும். ஆதலால் குஞ்சுகளைத் தனியிடத்தில் வளர்ப்பது நலம்.

குஞ்சுகளை வருத்தும் மற்றொரு நோய் இரத்தக்கழிச்சல். எச்சத்தில் குருதி கண்டவுடன் பலர் இதனையும் புழு என்று எண்ணுவர். இதனை உண்டாக்குவது புழுவன்று; காக்சிடியா எனப்படும் ஒரு செல் உயிரி. மூன்று முதல் எட்டு வாரம் வரையுள்ள குஞ்சுகளை இது மிகுதியாகத் தாக்கும். புழு நீக்கும் மருந்துகள் இதற்குப் பயன்படா. ஆம்ப்ரோலியம் போன்ற வேறு மருந்துகள் உள்ளன. இவ்வுயிரி எச்சத்தோடு வெளிவந்த ஒன்றிரண்டு நாளிலேயே, ஈரம் இருப்பின், தொற்றும் ஆற்றல் பெற்றுவிடும். வாரம் ஒருமுறை வழித்தல் இங்கே போதாது. குஞ்சுகளின் தரையை நாள்தோறும் உலர்வாக வைத்தல் வேண்டும். தண்ணீர்க் கலம் கவிழாதபடியும், குஞ்சுகள் அதில் ஏறி எச்சமிடாதபடியும் அமைத்தால் இந்நோயின் பாதி வலிமை ஒடுங்கும்.

புழுவும் இரத்தக்கழிச்சலும் மருந்துக்குக் கட்டுப்படுவன. மருந்துக்குக் கட்டுப்படாத ஒரு நோய் உண்டு. நம் மக்கள் அதனை வெள்ளைக்கழிச்சல் என்றும் கோழிக்கழிச்சல் என்றும் கூறுவர். நூல்களில் அதன் பெயர் இராணிக்கேட்டு நோய். இன்றைய உத்தரகண்ட மாநிலத்தில் குமாவோன் மலைப்பகுதியில் உள்ள இராணிக்கேட்டு என்னும் ஊரில் 1927ஆம் ஆண்டில் இந்நோய் கண்டறியப்பட்டமையால் இப்பெயர் அமைந்தது. அதற்கு முந்திய ஆண்டாகிய 1926இல் சாவகத் தீவிலும், இங்கிலாந்து நாட்டின் நியூகாசில் நகரத்திலும் இதே நோய் காணப்பட்டது. ஆகவே உலக நாடுகளில் இதனை நியூகாசில் நோய் என வழங்குகின்றனர்.

இந்நோய் வைரஸ் என்னும் நச்சுயிரியால் உண்டாவது. கிருமி உடலில் புகுந்த சில நாட்களில் கோழி சோர்ந்து இரை எடாது நிற்கும். வெண்மையும் பசுமையும் கலந்து கழியும். வாயைத் திறந்து மூச்சுவிட இடர்ப்படும். சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். கால்களும் இறக்கைகளும் செயலிழக்கும். தடுப்பூசி பெறாத கோழிகளுள் பத்தில் ஒன்பது மடிவதும் உண்டு. நோய் வந்தபின் அந்நச்சுயிரியை அழிக்கும் மருந்து இல்லை. வருமுன் காத்தல் ஒன்றே வழி.

வருமுன் காக்கும் கலையை மனிதனுக்குக் கற்பித்ததில் கோழிக்கும் பங்குண்டு. 1879ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், கோழிகளைக் கொல்லும் காலரா என்னும் நோயின் நுண்ணுயிரை வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். பல வாரம் வைத்திருந்த பழைய வளர்ப்பைக் கோழிகளுக்குச் செலுத்தியபோது அவை சிறிது நோயுற்றுப் பிழைத்துக்கொண்டன. பின்னர்க் கொடிய புதிய வளர்ப்பைச் செலுத்தினர். புதிதாக வாங்கிய கோழிகள் மாண்டன. முன்னர்ப் பிழைத்த கோழிகளோ நலமாக இருந்தன. வலிமை குன்றிய நுண்ணுயிர் உடலுக்குள் சென்றால், அவ்வுடல் அதனை எதிர்க்கப் பயின்றுகொள்ளும் என்பதைப் பாஸ்டர் உணர்ந்தார். 1880இல் அதனை உலகுக்கு அறிவித்தார். ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்ட தடுப்பு மருந்துகளின் வரலாறு அக்கோழிகளிடமிருந்தே தொடங்குகின்றது.

இம்முறையைப் பின்பற்றியே இராணிக்கேட்டு நோய்க்கும் தடுப்பூசி அமைந்தது. இராணிக்கேட்டைப் போலவே குமாவோன் மலையில் உள்ள முக்தேசுவரத்து ஆய்வு நிலையத்தில், 1940களில் நச்சுயிரியின் வலிமையைக் குறைத்து ஒரு தடுப்பு மருந்தை உருவாக்கினர். தமிழ்நாட்டில், 1932ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இத்தகைய மருந்துகளை ஆக்கி வழங்குகின்றது. நோயின் பெயரில் உள்ள ஊர் இராணிக்கேட்டு. அதற்குக் காப்பு ஆக்கும் ஊர் இராணிப்பேட்டை. பெயரொற்றுமை தற்செயலானதே எனினும் நினைவில் வைப்பதற்கு எளிது.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து விடவேண்டும். நான்காம் வாரத்தில் மற்றொரு முறை மருந்து தருவர். எட்டு வாரம் ஆனபின் இறக்கைப் பகுதியில் ஊசி போடுவர். இம்மருந்தில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலிமை குன்றிய நச்சுயிரி. வெப்பம் பட்டால் அது இறந்துபோகும். இறந்தபின் மருந்து வெறும் நீரேயாகும். ஆகவே அதனைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவருதல் வேண்டும். கலக்கியபின் காலம் தாழ்த்தாது பயன்படுத்துதல் வேண்டும். சட்டைப்பையில் இட்டு வெயிலில் நடந்து கொண்டுவந்த மருந்தைப் போட்டுவிட்டு, 'தடுப்பூசி போட்டும் கோழி செத்தது' என்று குறைகூறுவதில் பயனில்லை.

இங்கே குடற்புழுவுக்கும் தடுப்பூசிக்கும் உள்ள தொடர்பையும் அறிதல் நலம். புழு மிகுந்த உடல் தளர்ந்திருக்கும். தடுப்பூசி கற்பிக்கும் எதிர்ப்பாற்றலை அது நன்கு ஏற்பதில்லை. ஆதலால் ஊசிக்கு ஒரு வாரம் முன்னர்ப் புழுவை நீக்கிவிட வேண்டும் என்பர். ஊசி போட்ட உடனே காப்பு வந்துவிடுவதுமில்லை. அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அண்டை வீட்டில் நோய் வந்தபின் ஊசியைத் தேடி ஓடுவது, வீடு தீப்பற்றியபின் கிணறு வெட்டுவது போன்றது. கோடையில் இந்நோய் மிகுதியாகப் பரவும் ஆதலின், அதற்கு முன்னர்ப் பிப்ரவரித் திங்களில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் தடுப்பூசி முகாம்கள் நடத்தப்படுவது வழக்கம். மரத்தில் அடையும் ஊர்க்கோழிகளைப் பிடிப்பது கடினம் என்பதை எண்ணி, இரையைப்போல் தின்னத் தரும் குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியுள்ளனர்.

கோழி அம்மையும் நச்சுயிரியால் வருவதே. கொண்டை, தாடி, கண்ணின் ஓரம் ஆகிய இடங்களில் கொப்புளம் எழுந்து பொருக்குத் தட்டும். வாயினுள் வந்தால் இரை எடுக்க இயலாது கோழி வாடும். இந்நோயைக் கொசு ஒரு கோழியிடமிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்லும். இதற்கும் தடுப்பூசி உண்டு. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது நம்மவர் வழக்கம். அது புண்ணுக்கு இதமளிக்கும். ஆனால் உடலினுள் உள்ள நச்சுயிரியை அழிப்பதற்கோ, தடுப்பூசிக்கு ஈடாகவோ அதனைக் கொள்ளலாகாது.

கோழியின் உடலுக்கு வெளியேயும் பகைவர் உண்டு. பேனும் செள்ளும் இறகுக்குள் இருந்து கடிக்கும். உண்ணியோ பகலில் கூட்டின் இடுக்குகளில் ஒளிந்திருந்து, இரவில் வெளிவந்து குருதி குடிக்கும். கொடிய காய்ச்சலையும் பரப்பும். பகலில் கோழியைப் பார்ப்பவர்க்கு உண்ணி புலப்படாது. ஆகவே கூட்டின் விரிசல்களைப் பூசியடைத்துச் சுண்ணாம்பு அடித்தல் வேண்டும். உலர்ந்த மணலும் சாம்பலும் கலந்த குழியொன்றை முற்றத்தில் அமைத்தால், கோழிகள் அதில் புரண்டு தம் உடலைத் தாமே தூய்மை செய்துகொள்ளும்.

மருந்துக் கடைகளில் மனிதர்க்கென விற்கும் மாத்திரைகளைப் பொடித்துக் கோழிக்குக் கொடுப்பாரும் உளர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பாக்டீரியாக்களை அழிப்பன, வைரஸ்களை அழிக்கா. அளவும் காரணமும் அறியாது அவற்றைக் கொடுத்தால் கோழியும் பிழைக்காது. அம்மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களும் பெருகும். அவை பின்னர் மனிதரையும் தாக்கும். மருத்துவர் சொல்லாத மருந்தைத் தவிர்ப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

இத்தனை காப்பும் செய்து, ஒருநாள் நோய் வந்துவிட்டால் யாது செய்வது? சோர்ந்த கோழியை உடனே பிரித்துத் தனியே வைக்கவேண்டும். அதற்கு இரையும் நீரும் கடைசியில் கொடுக்கவேண்டும். நலமுள்ள கோழிகளைக் கவனித்தபின்னரே நோயுற்றதைத் தொடவேண்டும். தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். இறந்த கோழியை வாய்க்காலிலோ குப்பையிலோ எறிதல் கூடாது. நீர்நிலைக்குத் தொலைவில் ஆழமான குழி தோண்டி, சுண்ணாம்புத்தூள் இட்டுப் புதைக்கவேண்டும். புதிதாக வாங்கி வந்த கோழியை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்தபின்னரே மற்றவற்றோடு சேர்க்கவேண்டும்.

பல கோழிகள் ஒரே நாளில் திடீரென மடிந்தால் அவற்றைத் தொடாமல் கால்நடை மருத்துவர்க்கு அறிவித்தல் வேண்டும். பறவைக் காய்ச்சல் என்னும் நோய் இந்தியாவில் முதன்முதலில் 2006ஆம் ஆண்டில் மகாராட்டிர மாநிலத்து நவாப்பூர் வட்டாரத்துக் கோழிகளிடையே கண்டறியப்பட்டது. அந்நோய் பறவைகளிடமிருந்து மனிதர்க்கும் தொற்றக்கூடியது. விரைந்து அறிவிப்பதால் காக்கப்படுவது கோழி மட்டும் அன்று. நம் வீட்டாரும் ஆவர்.

நோய் வந்த வேளையில் ஏழை வீட்டார் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுவது இயல்பு. 'கோழி சாகப் போகின்றது. சாகுமுன் சந்தையில் விற்றுவிட்டால் பாதி விலையேனும் கிடைக்கும்' என்பதே அவ்வெண்ணம். இழக்கப்போவது அவர்களுடைய சிறுவாடு. ஆதலால் அவ்வெண்ணத்தின் பின்னே உள்ள துயரத்தை நாம் எளிதாகக் கருதலாகாது. எனினும் அச்செயலின் விளைவை எண்ணிப் பார்க்கவேண்டும். சந்தைக்குச் சென்ற ஒரு நோய்க்கோழி அங்குள்ள பல கோழிகளுக்கு நோயைக் கொடுக்கும். மாலையில் அவை பல ஊர்களுக்குப் பிரிந்து செல்லும். ஒரு வாரத்தில் அவ்வூர்களின் முற்றங்களும் வெறிச்சோடும். அங்கும் கோழியையே நம்பியிருக்கும் ஏழைகள் உளர். ஒரு வீட்டின் பாதி விலை, பல வீடுகளின் முழு முதலையும் அழித்துவிடுகின்றது. வெள்ளைக்கழிச்சல் ஊருக்கு ஊர் பரவும் பெருவழிகளுள் இதுவும் ஒன்று.

இக்கொடிய நெருக்கடியில் ஒருவரும் சிக்காமல் இருக்க வழி, நோய் வருமுன் ஊரார் அனைவரும் ஒன்றுகூடிக் காத்தலே. கோழிக்கு வேலியில்லை, அது அடுத்த வீட்டு முற்றத்திலும் மேயும். ஒரு வீட்டார் மட்டும் ஊசி போட்டு, பத்து வீட்டார் போடாது விட்டால், நோய் அவ்வூரில் தங்குவதற்கு இடம் இருந்துகொண்டே இருக்கும். எல்லா வீட்டாரும் ஒரே நாளில் போட்டால் அதற்கு ஊரில் இடமின்றிப் போகும்.

இப்பணியில் மாணவர்கள் செய்யத்தக்கவை பல. குஞ்சு பொரித்த நாளை நாட்காட்டியில் குறித்து வைக்கலாம். சொட்டு மருந்துக்கும் ஊசிக்கும் உரிய நாட்களை எண்ணி வீட்டாருக்கு நினைவூட்டலாம். வாரம் ஒருமுறை கூட்டை வழிக்கலாம். தடுப்பூசி முகாம் நடைபெறும் நாளை அண்டை வீட்டாருக்குச் சொல்லலாம். முதியோர் வளர்க்கும் கோழிகளை முந்திய இரவே பிடித்துப் பஞ்சாரத்தில் அடைத்துக் கொடுக்கலாம். இவற்றுக்குப் பொருட்செலவு சிறிது. வேண்டுவது கருத்தும் ஒழுங்குமே. விடியற்காலையில் கூடு திறந்தவுடன் எல்லாக் கோழிகளும் துள்ளி வெளியே ஓடுமாயின், அவ்வீட்டார் தம் கடமையைச் செவ்வனே செய்துள்ளனர் என்று கொள்ளலாம்.